மூன்று கிளைகள், மூன்று முதுமைகள்

மாதத்தின் முதல் வாரத்தில் வங்கிக்கு வரும் முதியவர்களைக் கவனித்தால், அந்த வட்டாரம் எதை நம்பிப் பிழைத்தது என்று சொல்லிவிடலாம். ஓய்வுக்கு முந்தைய பத்து ஆண்டுகளில் எனக்கு மூன்று மாற்றல்கள் வாய்த்தன. முதலில் அம்பாசமுத்திரம், அடுத்து நாகப்பட்டினம், கடைசியாகத் திருப்பூர். அம்பையில் மலையிலிருந்து இறங்கும் அரசு பஸ் வந்து சேர்ந்ததும் கிளை நிறையும். நாகையில் அரசு ஓய்வூதியம் ஏறும் நாளில் ஒரு கூட்டம் வரும், முதியோர் உதவித்தொகை ஏறும் நாளில் வேறொரு கூட்டம் வரும். திருப்பூரில் முதியவர் கூட்டம் என்று சொல்லும்படி ஒன்றும் இருக்காது. அங்கே எல்லாம் சனிக்கிழமைக் கணக்கு.

முதுமைக்கு ஒரு குடும்பம் எவ்வளவு சேர்த்திருக்கிறது என்று கேட்டால் சராசரி ஒன்றைச் சொல்வார்கள். 2017இல் தருண் ராமதொராய் தலைமையிலான ரிசர்வ் வங்கிக் குழுவும் ஒரு சராசரியைத் தந்தது. இந்தியக் குடும்பத்தின் சொத்தில் 77 சதவீதம் வீடும் நிலமும், 11 சதவீதம் தங்கம், 7 சதவீதம் வண்டி, வீட்டுச் சாமான் போன்றவை. வங்கி வைப்பு, ஓய்வுக்காலச் சேமிப்பு எல்லாம் சேர்ந்து மிச்சமுள்ள 5 சதவீதம். தங்கத்தில் நம் மாநிலம் முன்வரிசை என்பதை அந்தக் குழு சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. நகைக்கடன் கவுண்டரில் ஒரு வாரம் உட்கார்ந்தால் போதும்.

ஆனால் கவுண்டரில் உட்கார்ந்தவனுக்குச் சராசரி பெரிதாக உதவாது. நான் பார்த்தவரை மூன்று ஊர்க்காரர்களும் சேர்த்தார்கள். சேர்ந்த பணத்தை அறுபது வயது வரை யார் கையெல்லாம் தொட முடிந்தது என்பதில்தான் ஊருக்கு ஊர் வித்தியாசம். கீழே வருகிறவர்களின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

திருப்பூர்

2024ஆம் ஆண்டின் நடுவில் ஒரு பெண் பாஸ்புக்கோடு வந்தார். வயது 35. டெய்லர். மூன்று கம்பெனிகளில் வேலை பார்த்தவர். மூன்றிலும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பிடித்திருந்தார்கள் என்பதே திருப்பூரில் பாதி அதிர்ஷ்டம். பீஸ் ரேட்டிலும் காண்ட்ராக்டிலும் ஓடும் வேலைக்கு அந்தப் பிடித்தமே பல இடங்களில் கிடையாது. தொழிலாளிகளிலும் பலர் அதை விரும்புவதில்லை. சனிக்கிழமை கையில் வாங்கும் சம்பளத்தில் நூறு குறைந்தால் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் தெரிந்துவிடும்.

அவர் 2015இலிருந்து சேர்த்த மொத்தச் சேவை 9 ஆண்டு 5 மாதம். வேலையை விட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. மகனுக்குக் கல்லூரி, வீட்டுக்குப் போக்கியப் பணம் என்று இரண்டு செலவுகள் ஒன்றாக வந்து நின்றன. பி.எஃப். பணத்தோடு ஓய்வூதியப் பங்கையும் எடுத்துவிட விண்ணப்பம் போட்டிருந்தார். பணம் எப்போது ஏறும் என்று கேட்கத்தான் வந்தார்.

இந்த ஏற்பாட்டின் உள்வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 12,000 ரூபாய் சம்பளத்துக்குத் தொழிலாளியிடம் 12 சதவீதம், 1,440 ரூபாய் பிடிப்பார்கள். முதலாளியும் அதே அளவு போடுவார். ஆனால் முதலாளி போடுவதில் 8.33 சதவீதம், அதாவது சுமார் 1,000 ரூபாய், 1995ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்துக்குப் போய்விடும். மீதி 440 ரூபாய்தான் பி.எஃப். கணக்கில் சேரும். ஓய்வூதியம் கிடைக்க 10 ஆண்டுச் சேவை வேண்டும். ஆறு மாதமும் அதற்கு மேலும் முழு ஆண்டாகக் கணக்கிடப்படும் என்பதால் 9 ஆண்டு 6 மாதம் இருந்தாலே பத்து ஆண்டுதான். அந்தப் பெண்ணுக்குக் குறைந்தது ஒரே ஒரு மாதம்.

"இன்னும் ஒரு மாதம் எங்காவது பி.எஃப். பிடிக்கும் இடத்தில் வேலை பார்த்துவிட்டு வாங்களேன் அக்கா" என்றேன். என்னைவிட இருபது வயது இளையவரை அக்கா என்பது அந்த ஊர் பழக்கிவிட்ட மரியாதை.

"பார்த்தால் என்ன கிடைக்கும், சொல்லுங்கள் சார்."

சொன்னேன். அவருடைய சம்பளம் 12,000ஐச் சேவை ஆண்டு பத்தால் பெருக்கி, திட்டத்தின் விதிப்படி 70ஆல் வகுத்தால் 1,714. 58 வயதிலிருந்து மாதம் 1,714 ரூபாய், ஆயுள் முழுக்க. அவருக்குப் பிறகு கணவர் இருந்தால் அவருக்குப் பாதி, 1,000 ரூபாய்க்குக் குறையாமல். இப்போதே எடுத்தால், பழைய அட்டவணைப்படி 9 ஆண்டுக்கான விகிதம் 9.33 மாதச் சம்பளம், சுமார் 1 லட்சத்து 12 ஆயிரம். அவர் சிரித்தார். "23 வருஷம் கழித்து 1,700 ரூபாய்க்கு என்ன சார் வாங்க முடியும்?"

அன்று அதை அவசரம் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1,12,000 ரூபாயை 6.5 சதவீத வட்டியில் 23 ஆண்டு அப்படியே விட்டால் ஏறத்தாழ 4 லட்சத்து 76 ஆயிரம் ஆகும். அதன் வட்டி மட்டுமே மாதம் 2,500 ரூபாய்க்கு மேல் வரும், முதலும் கையில் இருக்கும். இந்தத் திட்டத்தின் ஓய்வூதியத்துக்கு அகவிலைப்படி கிடையாது. 2014 செப்டம்பரில் குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று வைத்தார்கள். அதன் பிறகு அந்த எண் அசையவில்லை. ஆக, கணக்கில் ஜெயித்தது அந்தப் பெண்தான். ஒரே நிபந்தனை, அந்தப் பணம் 23 ஆண்டு அசையாமல் கிடக்க வேண்டும். அது போக்கியப் பணமாகவும் செமஸ்டர் கட்டணமாகவும் இரண்டே வாரத்தில் கணக்கைக் காலி செய்துவிட்டுப் போனது.

அந்த ஓய்வூதியத்தின் ஒரே பெருமை அதன் தொகை அல்லவே அல்ல. மகனும் மாப்பிள்ளையும் கேட்டு வாங்க முடியாத இடத்தில் அது இருக்கிறது, அவ்வளவுதான். பணமாக எடுக்காமல் திட்டச் சான்றிதழ் வாங்கி வைத்தால், எத்தனை ஆண்டு கழித்து வேறு கம்பெனியில் சேர்ந்தாலும் பழைய சேவை கூடவே வரும். கம்பெனிக்குக் கம்பெனி தாவுகிற திருப்பூருக்கென்றே அளவெடுத்துத் தைத்தது போன்ற ஏற்பாடு. நான் அங்கே இருந்த காலத்தில் அந்தச் சான்றிதழைப் பற்றிக் கேட்டு யாரும் வரவில்லை. வேலையை விட்டு இரண்டு மாதத்தில் ஓய்வூதியப் பங்கை எடுக்கலாம் என்பதை 36 மாதமாக்க 2025 அக்டோபரில் வருங்கால வைப்பு நிதி அறங்காவலர் குழு முடிவெடுத்தபோது பெரிய கூச்சல் எழுந்தது. கூச்சல் போட்டவர்கள் பக்கம் நியாயம் இருந்தது, அவசரத்துக்கு வேறு எங்கே போவார்கள்? முடிவெடுத்தவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது என்று எனக்குத் தோன்றக் காரணம் அந்த 9 ஆண்டு 5 மாதம்.

இதே 12,000 ரூபாய் சம்பளத்தில் ஒருவர் 20 ஆண்டு தொடர்ந்து இருந்து, பி.எஃப். கணக்கைத் தொடாமலும் இருந்தால், இப்போதைய 8.25 சதவீத வட்டியில் 11 லட்சத்துக்கு மேல் சேரும். சம்பளமே உயராது என்று வைத்த கணக்கு இது. திருப்பூரில் அப்படி ஒரு கணக்கை நான் பார்த்ததில்லை. மாறாக, ஒருவருக்கு ஒன்றே இருக்க வேண்டிய யூ.ஏ.என். என்ற பி.எஃப். எண் மூன்று, நான்கு விதமாக எழுதப்பட்ட தகப்பனார் பெயர், ஆதாரோடு ஒத்துப்போகாத பிறந்த தேதி என்று அலைந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அம்பாசமுத்திரம், மலைக்கு மேலே

சேவை அறுபடாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு மாஞ்சோலை உதாரணம். 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 8,000 ஏக்கருக்கு மேல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்து பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் உருவாக்கிய தேயிலைத் தோட்டங்கள் அவை. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. மூன்று நான்கு தலைமுறையாக ஒரே முதலாளி, ஒரே வேலை, ஒரே வீடு. கூலி உயர்வு கேட்டு 1999 ஜூலை 23 அன்று நெல்லையில் ஊர்வலம் போய், தாமிரபரணியில் 17 உயிர்களைப் பறிகொடுத்ததும் இந்தத் தோட்டத் தொழிலாளர்கள் விவகாரத்தில்தான்.

திருப்பூர் டெய்லரைவிட இவர்கள் கையில் வாங்கிய பணம் எப்போதும் குறைவு. ஆனால் வெளியே வேறு முதலாளியே இல்லாத காரணத்தால் பி.எஃப். 25 ஆண்டு, 30 ஆண்டு என்று ஓடியது. எடுக்கவும் வழி தெரியாது, அலுவலகம் இருந்தது பாளையங்கோட்டையில். மலையே பூட்டாக இருந்தது என்று சொல்லலாம்.

1996இல் சேர்ந்து 2024இல் 58 வயதில் இறங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நாள் கூலி 450 ரூபாய், மாதம் 26 நாள், ஆக 11,700 ரூபாய் என்று வைப்போம். பணிக்கொடை, ஆண்டுக்கு 15 நாள் கூலி வீதம் 28 ஆண்டுக்கு 1,89,000 ரூபாய். ஓய்வூதியத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 2014 செப்டம்பருக்கு முந்தைய சேவைக்கு இன்றைய சம்பளத்தை எடுத்துக்கொள்ள மாட்டார்கள், அன்றைய உச்சவரம்பான 6,500 ரூபாயைத் தாண்ட விடமாட்டார்கள். அதனால் முதல் 18 ஆண்டுக்கு 1,671 ரூபாய், கடைசி 10 ஆண்டுக்கும் அதே 1,671 ரூபாய். இருபது ஆண்டு தாண்டியவர்களுக்குக் கூட்டித் தரும் 2 ஆண்டைச் சேர்த்தால் மொத்தம் 3,500 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. மழைக்காலத்தில் வேலை குறைந்த மாதங்கள், உடம்புக்கு முடியாமல் போன நாள்கள் என்று கழித்தால் அதற்கும் கீழே. இருந்தாலும் திருப்பூர்க் கிளையில் நான் ஒருவர் பாஸ்புக்கிலும் பார்க்காத வரி ஒன்று அம்பையில் சாதாரணமாக இருந்தது. மாதா மாதம் விழும் பி.எஃப். ஓய்வூதியம்.

இவர்கள் முதுமை பாதுகாப்பானது என்று இங்கே முடித்துவிட முடியாது. தோட்டத் தொழிலாளிக்கு முதலாளி வீடு தர வேண்டும் என்றது 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம். வேலை இருக்கும் வரை வீடு. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. 28 ஆண்டு வாடகை கொடுக்காமல் இருந்தது சேமிப்புபோலத் தெரியும், உண்மையில் சொந்த வீடு என்ற எண்ணத்தையே அது தள்ளிப்போட்டது. ஆகவே மொத்தப் பணமும் கையில் விழும் அன்றே, கீழே ஒரு கூரை வேண்டும் என்ற தேவையும் விழுகிறது.

எனக்கு நினைவில் நிற்பவர் ஒரு ஆச்சி. பி.எஃப். பணமும் பணிக்கொடையும் கணக்கில் ஏறியிருந்தன. மருமகன் பின்னால் நிற்க, மொத்தத்தையும் எடுக்கச் சீட்டு எழுதச் சொன்னார். கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஒரு வீட்டுக்கு முன்பணம். முதியோர் சேமிப்புத் திட்டத்தில் கொஞ்சமாவது போடுங்கள் ஆச்சி என்றேன். இன்றைய 8.2 சதவீதத்தில் சொன்னால், 2 லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 4,100 ரூபாய் வரும். அவர் மருமகனைத் திரும்பிப் பார்த்தார். அவன் வெளியே ஆட்டோ காத்திருக்கிறது என்றான்.

மருமகன் கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். படுக்க இடம் இல்லாதவரிடம் வட்டியைப் பற்றிப் பேசியவன் நான். 2024இல் நிறுவனம் விருப்ப ஓய்வு கொடுத்து எல்லோரையும் இறக்க முனைந்தபோது, ஆச்சிக்கு நடந்தது மொத்த மலைக்கும் நடந்தது. தோட்டத்தை அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீ எடுத்து நடத்த வேண்டும் என்று கேட்ட வழக்கு அந்த ஆண்டு டிசம்பரில் உயர் நீதிமன்றத்தில் தள்ளுபடியானது. குத்தகை முடிவதோ 2028இல்.

நாகப்பட்டினம்

பெற்ற பிள்ளை சோறு போடாவிட்டாலும் வைத்த பிள்ளை சோறு போடும் என்பது கீழத்தஞ்சைப் பேச்சு. வைத்த பிள்ளை என்றால் தென்னம்பிள்ளை. வேதாரண்யம் பக்கத்தில் ஒருவரிடம் ஓய்வுக்காலத்துக்கு என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால் மரக் கணக்கைத்தான் சொல்வார். இத்தனை மரம், இத்தனை நாளுக்கு ஒரு வெட்டு, வெட்டுக்கு இவ்வளவு. எந்த ஓய்வூதிய நிதிக்கும் குறையாத திட்டம் அது. முப்பது வயதில் நட்டது அறுபதிலும் காய்க்கிறது, ஏறிப் பறிக்க ஆள் வைத்தால் போதும், யாரும் மரத்தைப் பிடுங்கி மகளுக்குச் சீர் செய்ய முடியாது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் அந்த ஓய்வூதியத்தை ஒரே இரவில் சாய்த்துவிட்டது. நான் அங்கே மாற்றலாகிப் போனபோது சில தோப்புகளில் மொட்டைத் தண்டுகளுக்கு நடுவே முழங்கால் உயரக் கன்றுகள் நின்றன. நட்டவருக்கு வயது எழுபதை ஒட்டி இருக்கும். காய்ப்பு பேரனுக்கு. அதற்கும் முன்பு, 2004 டிசம்பர் 26 அன்று கடலோரக் குப்பங்களில் பெட்டியோடு போன நகைக்குக் கணக்கே இல்லை. மரமும் தங்கமும் நல்ல சேமிப்புதான், கடல் பக்கத்தில் இல்லாதவரை.

மரமும் நிலமும் இல்லாத விவசாயக் கூலிக் குடும்பங்களுக்கு மிஞ்சியது முதியோர் உதவித்தொகை. 1962இல் தமிழ்நாட்டில் தொடங்கியது. 2011இல் 1,000 ரூபாயாக்கினார்கள். அதன் பிறகு 12 ஆண்டு அதே ஆயிரம். 2023 ஆகஸ்டிலிருந்து 1,200. இதில் மத்திய அரசின் பங்கு 60 முதல் 79 வயது வரை 200 ரூபாய், 2007இலிருந்து அதே 200. மிச்சத்தை மாநிலம் தன் விருப்பம்போல் வைத்துக்கொள்ளலாம் என்பதால், ஒரே நாட்டு முதுமைக்கு எல்லை தாண்டினால் விலை மாறுகிறது. ஆந்திரத்தில் 2024 ஜூலையிலிருந்து 4,000. பீகாரில் 400 ஆக இருந்தது 2025 ஜூலையில் 1,100. கேரளத்தில் 1,600 ஆக இருந்தது 2025 நவம்பரில் 2,000.

இதை நாகைக்காரர்களுக்கு யாரும் புள்ளிவிவரமாகச் சொல்ல வேண்டியதில்லை. நாகூரைத் தாண்டினால் வாஞ்சூர், அங்கிருந்து காரைக்கால், புதுச்சேரி அரசின் எல்லை. வாஞ்சூர் என்றதும் ஊரில் பலருக்கும் நினைவுக்கு வருவது அங்குள்ள வேறு கடைகள், அதை விடுவோம். புதுச்சேரியில் உதவித்தொகை 55 வயதிலிருந்தே உண்டு, தொகையும் நம்முடையதைவிட அதிகம். எங்கள் கிளைக்கு வந்த ஒரு அம்மாவின் நாத்தனார் திருமலைராயன்பட்டினத்தில் வாக்கப்பட்டவர். "இரண்டு பேரும் ஒரே வயலில் நாற்று நட்டவர்கள் தம்பி. செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் போனால் சீக்கிரம் கிழடாகிவிடுவார்களா?" என்று கேட்டார். நாத்தனார் பணம் வாங்கத் தொடங்கிய பிறகு இவர் ஐந்து ஆண்டு காத்திருந்தார். அதற்குப் பிறகும் கிராம நிர்வாக அலுவலர் விசாரணை, வட்டாட்சியர் அலுவலகம், ஆதரவற்றவர் என்று நிரூபிக்கும் வேலை. இரண்டு மகன்கள் திருப்பூரில் இருக்கும்போது ஆதரவற்றவர் என்று எழுதிக் கொடுப்பதற்கு அவர் கூசியதை நான் பார்த்தேன். மகன்கள் பணம் அனுப்புவதில்லை என்பது ஊருக்கே தெரியும், ஆனால் காகிதத்தில் வரக் கூடாது.

அதே கிளையில், இரண்டு நாள் முன்போ பின்போ, அதே தெருவின் மறுகோடியிலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வருவார். 2003 ஏப்ரல் 1க்கு முன் அரசுப் பணியில் சேர்ந்தவர். கடைசிச் சம்பளத்தில் பாதி, அதன் மேல் ஆண்டுக்கு இருமுறை உயரும் அகவிலைப்படி, அவருக்குப் பிறகு மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம். ஒரு மாதத்தில் அவர் கணக்கில் ஏறுவதைத் தொட அந்த அம்மாவுக்கு மூன்று ஆண்டுக்கும் மேல் ஆகும். மாவட்டத்துக்கு மாவட்டம் உள்ள வித்தியாசத்தைப் படித்தவர்கள் பேசுகிறார்கள், தெருவின் இரு கோடிகளுக்கு நடுவில் இருப்பது அதைவிடப் பெரியது. நானும் தலைமையாசிரியர் கோடியைச் சேர்ந்தவன்தான். 2010 ஏப்ரலுக்குப் பிறகு வங்கியில் சேர்ந்த என் கிளை இளைஞர்களுக்கு இந்த ஏற்பாடு கிடையாது, தேசிய ஓய்வூதியத் திட்டம்தான். கவுண்டரில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பற்றிப் பேசாமல் இருக்கப் பழகிக்கொண்டோம்.

கூலிக் குடும்பங்களுக்கென்று 2015இல் வந்த அடல் ஓய்வூதியத் திட்டத்தை நாங்கள் இலக்கு வைத்து விற்றோம். 18 வயதில் சேர்ந்தால் மாதம் 210 ரூபாய் கட்டி 60இல் 5,000 ரூபாய் வாங்கலாம். 40 வயதில் சேர்ந்தால் அதே 5,000க்கு மாதம் 1,454 கட்ட வேண்டும். எங்கள் கிளையில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் எடுத்தது 1,000 ரூபாய்ப் படியைத்தான், அதுதான் மலிவு. கணக்கில் பணம் இல்லாத மாதங்களில் தவணை விழாது, அபராதம் ஏறும், பிறகு அந்தப் பக்கமே வரமாட்டார்கள். இலக்கை முடித்ததற்கு எங்களுக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது.

திருப்பூரில் அவ்வப்போது நாகைப் பக்கத்துப் பெயர்கள் கவுண்டருக்கு வரும். கீழ்வேளூர், திருக்குவளை, தலைஞாயிறு. ஊரைச் சொன்னதும் நான் வயதைப் பார்ப்பேன். இருபத்தைந்துக்குக் கீழே என்றால் அடல் படிவத்தை எடுத்து நீட்டுவேன், பி.எஃப். பிடிக்கிறார்களா என்று கேட்பேன், பிடித்தால் திட்டச் சான்றிதழ் என்று ஒன்று இருக்கிறது என்று சொல்லி வைப்பேன். தனியாக மாதத் தவணை கேட்டால் திருப்பூர் கட்டாது, வாரச் சம்பளத்திலேயே பிடித்தால்தான் உண்டு என்பது என் அனுபவம். நாகைக்கு அது எதுவும் பொருந்தாது, அங்கே விலைவாசியோடு சேர்ந்து உயரும் உதவித்தொகை ஒன்றுதான் வழி. மாஞ்சோலைக்கோ வேலையின் கடைசி நாளுக்கு முன்பே வீடு தீர்ந்திருக்க வேண்டும். மூன்றுக்கும் ஒரே சுற்றறிக்கை அனுப்புவது எங்கள் தலைமை அலுவலகத்தின் பழக்கம்.

நாகையில் என் கடைசி மாதங்களில், 1,200 ரூபாய் ஏறத் தொடங்கிய புதிதில், அந்த அம்மா ஒரு வங்கி முகவரின் மேசை முன் உட்கார்ந்திருந்தார். நாற்று நட்டுத் தேய்ந்த விரல், ரேகை எந்திரத்தில் விழவில்லை. வலது கட்டைவிரல், இடது கட்டைவிரல், ஆள்காட்டி. பக்கத்திலிருந்த பையன் தலையில் தடவியிருந்த எண்ணெயைத் தொட்டு விரலில் தேய்த்துவிட்டான். நான்காம் முறை விழுந்தது. ஆறு இருநூறு ரூபாய்த் தாள்கள். இரண்டு முறை எண்ணினார். அதில் இரண்டைப் பையன் சட்டைப் பையில் வைத்தார். பேரனாம். அன்று இரவு பஸ்ஸுக்குத் திருப்பூர் கிளம்புகிறான்.